வழுக்கும் சுரத்துக்கு ஒரு எழுத்து

1986-இல் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் கணக்கு டீச்சர் விஜயம் மட்டும்தான். தென்காசி மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்தும் நல்லதம்பி கேள்விப்பட்டு, கிரகோரியன் என்னும் பழைய லத்தீன் கோயில் பாட்டுப் புத்தகத்தோடு அவளிடம் வந்துவிட்டார். நாலு கோடு, அதன்மேல் சதுரம் சதுரமாகச் சுரங்கள்.

"இந்த மெட்டுல தமிழ்ப் பாட்டு ஒண்ணு கட்டியிருக்கேன் டீச்சர். கையால பாத்து எழுதி, ஆளுக்கொரு மாதிரி பாடுதாக. உங்க மிஷின்ல அச்சடிக்க முடியுமா?"

"அதுல இங்கிலீஷ் எழுத்துதான் இருக்கு, அண்ணாச்சி. ஆனா புதுசா நாமளே எழுத்து செஞ்சுக்கிடலாம்."

கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் புள்ளிகளை நிரப்பினாள். அதைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் சதுரச் சுரம் சுலபமாக வந்தது. குற்றாலத்துப் பக்கமிருந்து அடித்த சாரல் காற்றில் கரண்ட் போய், செய்ததெல்லாம் அழிந்தது. முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தட்டினாள்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. தமிழில் நெடில் வரும் இடங்களில் குழுவினர் குரலை வழுக்கிக் கீழே இறக்கினார்கள். அதற்குப் பொருத்தமான குறி புத்தகத்தில் இல்லை. விஜயம் சதுரத்துக்கு ஒரு வால் வைத்து அச்சடித்து, ஒத்திகைக்கே கொண்டுபோனாள்.

குழுவிலேயே கணீர்க் குரல் இன்னாசியம்மாளுக்குத்தான். தாளைப் பார்த்ததும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "இதென்ன டீச்சர், தலைப்பிரட்டையா?"

பாட்டே நின்றுபோனது. விஜயத்துக்கு முகம் சுருங்கியது. மறுபடி தாளைப் பார்த்தபோது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரிக்கா, நீங்க பாடுங்க. நான் பாக்குதேன்."

இன்னாசியம்மாள் கண்ணை மூடிப் பாடினாள். குரல் இறங்கும்போது வலது கையும் கூடவே சரிந்து, கடைசியில் லேசாக மேலே சுண்டியது. விஜயம் அந்தக் கையையே பார்த்தாள்.

"இன்னொரு தடவை பாடுங்க!"

திங்கட்கிழமை புது எழுத்து தயாரானது. சதுரத்திலிருந்து சரிந்து, நுனியில் மேலே வளைந்த கோடு. எட்டுக் கட்டத்துக்குள் நுனி அடங்காததால் பக்கத்து எழுத்தின் கட்டத்தையும் சேர்த்துக்கொண்டாள். பாட்டு வரிகளை நல்லதம்பி அடியில் பேனாவால் எழுதினார்.

மாதா திருநாளன்று விஜயம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் வந்தது. எல்லாக் குரல்களும் ஒன்றாக வழுக்கி இறங்கி, ஒன்றாக மேலே சுண்டின. அவளுக்குப் புல்லரித்தது.

பூசை முடிந்ததும் இன்னாசியம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "பாட்டு நல்லாத்தான் வந்துச்சு டீச்சர். ஆனா மூச்சு விடத்தான் இடமே இல்ல. அதுக்கும் ஒரு எழுத்து செஞ்சு தாங்க."

"நாளைக்கு ஸ்கூலுக்கு வாங்கக்கா. முதல்ல எனக்கு மூச்சு விட்டுக் காட்டணும்," என்றாள் விஜயம்.