வண்டி நுழையாத பாதை

டிப்போவில் அவளுக்கு 'ஹாரன்' என்று பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டியின் ஹாரன் பழுதாகிக் கிடந்த நாட்களில்கூட, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவள் போடும் சத்தத்துக்கே எதிரில் வருகிறவன் ஓரம் கட்டிவிடுவான் என்பார்கள். அவள் அதை மறுத்ததே இல்லை.

தங்கை வேறு மாதிரி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. குரலை உயர்த்தி அவள் பேசி யாரும் கேட்டதில்லை. மூன்று வருடத்துக்கு முன் சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை, போனில் பேசியபடியே வளைவில் திரும்பிய ஒரு கார் அடித்துப் போட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போதும் அவள் கத்தவில்லை. அவளுக்கும் சேர்த்து அக்காதான் கத்தினாள். ஆஸ்பத்திரியில், காவல் நிலையத்தில், கார்க்காரனின் வீட்டு வாசலில், எங்கெங்கே முடியுமோ அங்கெல்லாம்.

பிறகு தங்கை, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை வாங்கினாள். தரையோடு தாழ்ந்த நீளமான வண்டி. காலை நீட்டி உட்கார்ந்து, மார்புக்கு நேரே இருக்கும் பிடிகளைச் சுற்ற வேண்டும். பக்கத்து மைதானத்தை அதில் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, சாலைப் பக்கம் வரமாட்டாள். முதுகுக்குப் பின்னால் என்ஜின் சத்தம் கேட்டால் அவளுடைய கை அப்படியே நின்றுவிடும்.

அந்தப் பாதையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். மலையடிவாரத்து அணையிலிருந்து ஆறு கடலில் கலக்கும் இடம் வரைக்கும், ஆற்றை ஒட்டியே போகும் சைக்கிள் பாதை. பழைய ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு அந்த மேட்டில் தார் போட்டிருந்தார்கள். மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. வழியில் தங்குவதற்குச் சின்ன விடுதிகள் இருந்தன. மூன்று நாளில் கடலைப் பார்த்துவிடலாம்.

"போலாமாக்கா?" என்று கேட்டாள். அவள் எதையாவது கேட்டே வெகு காலமாகியிருந்தது. அக்கா மறுநாளே லீவு எழுதிக் கொடுத்தாள்.

முதல் நாள் காலை பாதை வழுவழுவென்று கிடந்தது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சோளக்கொல்லை. இறக்கம் வந்தபோது தங்கையின் வண்டி அம்பாகப் பறந்தது. மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு சாதாரண சைக்கிளில் வந்த அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"என்னக்கா, பஸ்ஸு மக்கர் பண்ணுதா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

அந்தக் கேலியைக் கேட்டு அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. காற்றில் தூசி என்று துடைத்துக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல்தான் முதல் தடுப்பு வந்தது. பாதையின் குறுக்கே இரண்டு இரும்புக் கம்பிச் சட்டங்களை குறுகிய சந்து விட்டு எதிரெதிராக நட்டு வைத்திருந்தார்கள். நடந்து வருகிறவர் நெளிந்து போகலாம். சைக்கிள்காரர் இறங்கி, ஹேண்டிலைத் திருப்பித் திருப்பி உருட்டிக்கொண்டு போகலாம். மூன்று சக்கர வண்டிக்கு வழியே இல்லை. பக்கத்தில் அகலமான கேட் ஒன்று இருந்தது. அதில் பெரிய பூட்டு. 'அலுவலக வாகனத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

அந்த வழியாக வந்த இரண்டு பேர் உதவினார்கள். அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஈரப் புல்லில் உட்கார வைத்தார்கள். வண்டியைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். மறுபடி வந்து அவளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். "கனமே இல்லையே நம்ம தங்கச்சி!" என்று ஒருவர் அவள் தலையில் தட்டிவிட்டுப் போனார். அவள் காற்சட்டையில் ஒட்டிய சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு தடுப்பு. அதே கம்பிகள், அதே பூட்டு.

அக்கா அறிவிப்புப் பலகையில் இருந்த எண்ணைப் போனில் அடித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் படபடவென்று சத்தம் கேட்டது. ஒரு மோட்டார் சைக்கிள். தங்கையின் கைகள் பிடியை இறுக்கின. வந்தவன் தடுப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரமாக வேலியில் யாரோ பிய்த்து வைத்திருந்த பொத்தல் வழியாக மேட்டில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தான்.

"டேய்! கண்ணு தெரியல? போர்டு எழுதியிருக்குல்ல!" அக்காவின் சத்தத்தில் சோளக்கொல்லைக் குருவிகள் எழுந்தன. அவன் கையை ஆட்டிச் சிரித்தான்.

அதற்குள் பாதை அலுவலகத்தில் ஒரு பெண் போனை எடுத்துவிட்டாள். சாவி அலுவலகத்தில்தான் இருக்கும் என்றும், வேண்டுமானால் பக்கத்து நெடுஞ்சாலையில் ஏறிச் சுற்றிப் போகலாம் என்றும் அந்தப் பெண் சொன்னாள்.

"லாரி போற ரோட்லயா? எங்க தங்கச்சியை அதுல அனுப்பச் சொல்றீங்களா? நீங்க ஏறுவீங்களா அந்த ரோட்ல? உங்க பிள்ளைய ஏத்துவீங்களா?" அக்காவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. எதிர்முனையில் போனை வைத்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"போதும்க்கா."

"என்ன போதும்? இவங்களை இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடப்போறதில்ல!"

"போதும்னு சொல்றேன்ல!"

அந்தக் குரல் தன் தங்கையினுடையது என்று புரியவே அக்காவுக்கு ஒரு கணம் பிடித்தது.

"மூணு வருஷமா நீதான் கத்துற. கத்தித் தீத்துட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியா தூங்கிடுற. நான் முழிச்சுக்கிட்டுக் கிடக்குறேன். எனக்குக் கோவமே வராதுன்னு நெனச்சியா? எனக்கு வர்றதுல கால்வாசி உனக்கு வராதுக்கா. ஆனா நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீ தொறந்துடுற. எல்லாரும் உன்னத்தான் பாக்குறாங்க. நான் பக்கத்துல பாவம்போல உக்காந்திருக்கேன்."

அக்கா கையிலிருந்த போனைப் பையில் போட்டாள்.

தங்கை வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தாள். பிறகு பலம் கொண்ட மட்டும் பிடிகளைச் சுற்றி, முன்சக்கரத்தை இரண்டு கம்பிச் சட்டங்களுக்கும் நடுவே நேராகச் செருகினாள். உலோகம் உரசிக் கிறீச்சிட்டது. வண்டி சிக்கிக்கொண்டது. பிரேக்கைப் பூட்டினாள்.

"நான் போக முடியாத வழியில இன்னிக்கு யாரும் போக வேணாம்."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் வேலிப் பொத்தலின் குறுக்கே படுக்கப் போட்டாள். அதன் மேல் மூட்டைகளை அடுக்கி, அதற்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலில் வந்தவர் உடம்போடு ஒட்டிய பந்தயச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒருவர்.

"மேடம், கொஞ்சம் நகருங்க. டைம் ஆகுது."

"எனக்கும்தான் ஆகுது."

"எங்க மேல எதுக்குக் காட்டுறீங்க? இந்தக் கம்பிய நாங்களா நட்டோம்?"

"நடல. தினம் தாண்டிப் போனீங்க. இன்னிக்கு ஒரு நாள் நில்லுங்க. நின்னா எப்படி இருக்குன்னு தெரியும்."

"சரி, நாங்க நாலு பேரு தூக்கி விட்டுடுறோம். அஞ்சு நிமிஷ வேலை."

"தொட்டீங்கன்னா கடிச்சிடுவேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

போன மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. பொத்தலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவன் ஹாரன் அடித்தான், மறுபடி அடித்தான். அக்கா அவனை முழுசாக ஒரு பார்வை பார்த்தாள். தொண்டை வரைக்கும் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டாள். அவன் வண்டியை அணைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெயில் சாயும் வேளையில் பாதை மேற்பார்வையாளர் வந்து சேர்ந்தார், வேனில். மோட்டார் வண்டிக்கு அனுமதியில்லாத அந்தப் பாதையிலேயே வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். கெட்ட மனிதரில்லை. இறங்கும்போதே சாவியைக் கையில் வைத்திருந்தார்.

"முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளை வச்சு எல்லாக் கேட்டையும் தொறந்து விட்டிருப்போமேம்மா."

தங்கை பந்தயச் சட்டைக்காரரைக் காட்டினாள். "இவரு காலையில சைக்கிள் எடுக்குறப்ப யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்தாரான்னு கேளுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்ல," என்றார்.

"பைக்குக்காரங்க தொல்லை தாங்காமத்தான் இதை வச்சோம்," என்றார் மேற்பார்வையாளர்.

"அதோ நிக்கிறாரு பாருங்க. உங்க கம்பி அவரை எவ்வளவு தடுக்குதுன்னு அவரையே கேளுங்க."

மோட்டார் சைக்கிள்காரன் காலால் தரையைக் கிளறினான். மேற்பார்வையாளர் போய் அகலமான கேட்டின் பூட்டைத் திறந்தார். "வாங்கம்மா, போங்க."

அவள் அசையவில்லை. "நான் போனதும் பூட்டிடுவீங்களா?"

"பூட்டித்தான் ஆகணும். மேலிடத்து உத்தரவு."

"அப்ப நான் இங்கேயே இருக்கேன்."

"ஒருத்தருக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமாம்மா?"

"ஒருத்தி! வண்டி நுழையாதுன்னு தெரிஞ்சு வீட்லயே இருக்கவங்களை நீங்க எங்க போய் எண்ணுவீங்க?" அவள் கம்பியைத் தட்டிக் காட்டினாள். "ரோட்ல கார்க்காரன் தள்ளிவிட்டான். இங்க நீங்க கம்பி நட்டுத் தள்ளிவிடுறீங்க. அவனாவது பாக்காம இடிச்சான்."

பிறகு பந்தயச் சட்டைக்காரர்தான் வெடித்தார். "சார், அந்தப் பூட்டை எடுத்துத் தொலைங்க சார்! பொழுது போயிட்டிருக்கு!" அது நியாயத்துக்காக வந்த கோபமா, தாமதத்துக்காக வந்ததா என்று சொல்ல முடியாது. எதுவாயிருந்தாலும் அதற்குப் பின்னால் பத்துக் குரல்கள் சேர்ந்துகொண்டன.

மேற்பார்வையாளர் வேனுக்குப் பின்னால் போய் யாருக்கோ போன் செய்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அடுத்த உத்தரவு வரும் வரை தன் எல்லைக்குள் இருக்கும் கேட்களைப் பூட்டப்போவதில்லை என்றார். பூட்டைக் கழற்றி வேனுக்குள் போட்டார்.

அக்கா எழுந்து வந்து, சிக்கியிருந்த சக்கரத்தை விடுவிக்கக் குனிந்தாள். பாதியில் நிறுத்தி, "நான் புடிக்கவா?" என்று கேட்டாள். தங்கை சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் பாதி வழி வரைக்கும் கேட்கள் திறந்திருந்தன. அதற்கப்பால் வேறு அலுவலகத்தின் எல்லை. முதல் கேட்டிலேயே பூட்டு தொங்கியது. மழை வேறு பிடித்துக்கொண்டது. போனை யாரும் எடுக்கவில்லை. மறிப்பதற்குப் பாதையில் ஆளே இல்லை. தங்கை பிடிகளைக் குத்திக் குத்தி அழுதாள். அக்கா சமாதானம் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. நனைந்துகொண்டே பக்கத்தில் நின்றாள். கடலைப் பார்க்காமலேயே ஊர் திரும்பினார்கள்.

சில மாதங்களில் மேல்பகுதித் தடுப்புகளை அறுத்து எடுத்துவிட்டார்கள். கீழ்ப்பகுதியில் அப்படியே இருக்கின்றன. வேலையில்லாத ஞாயிறுகளில் தங்கை அங்கே போய் வண்டியைக் கம்பிகளுக்கு நடுவே செருகி நிறுத்துகிறாள். இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வரும் ஒரு தாயும், சரக்குச் சைக்கிளில் ரொட்டி விற்கும் ஒருவரும் இப்போது அவளோடு வருகிறார்கள்.

போன ஞாயிறு கீழ்ப்பகுதி அதிகாரி வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றார். "எவ்வளவு நேரம்மா இப்படியே இருக்கப்போறீங்க?"

"இருட்டுற வரைக்கும்," என்றாள் அவள். "நின்னுக்கிட்டே இருக்கீங்களே சார், கால் வலிக்கும். யாரையாவது நாற்காலி கொண்டு வரச் சொல்லுங்க. நான் என்னோடதைக் கொண்டு வந்துட்டேன்."