பின்னால் இருக்கும் எஞ்சின்

வெண்டல் ஹாஸ்கெட் எங்கள் வண்டி விற்பனைத் திடலுக்கு முதல் தடவை வந்தபோதே முடிவோடுதான் வந்தார். "பெட்ரோல் வண்டிதான் வேணும். டீசலைக் காட்டி உன் நேரத்தையும் என் நேரத்தையும் வீணாக்காதம்மா" என்றார். அது ஏப்ரல் மாதம். எங்கள் ஊர் மெட்ஃபோர்டைச் சுற்றியுள்ள தோப்புகளில் பேரி மரங்கள் பூத்து ஓய்ந்திருந்தன. பதினேழு வருடமாக, படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் வீட்டுவண்டிகளை விற்கிறேன். முடிவோடு வருகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. மர அறுவை ஆலையில் முப்பத்துநான்கு வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர். வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் கருவி. போதாததற்கு, இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மனைவி லொரீன் இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வருடத்தில் பாதி நாள் ஊர் சுற்றுவது, மீதி நாள் வீட்டில் இருப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

வெண்டல் ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: "டீசல் வண்டி விலை கூட. அதுக்கு ஆயில் மாத்தற செலவுல இதுக்கு மூணு தடவை மாத்தலாம். நாங்க ஓட்டப் போறது வருஷத்துக்கு அஞ்சாயிரம் மைல். அதுக்கு எதுக்கு லாரி எஞ்சின்? வழியில நின்னுட்டா பெட்ரோல் எஞ்சினை எந்த ஊர்லயும் பாத்துக் குடுத்துடுவான். டீசலுக்கு ஆள் தேடி அலையணும்."

எதுவும் தப்பில்லை. அவ்வளவு குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு நானே பெட்ரோலைத்தான் சொல்வேன்.

லொரீன் அலமாரிகளைத் திறந்து பார்த்தார். படுக்கையை அழுத்திப் பார்த்தார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வெண்டல்தான் எல்லாம் படிச்சு வச்சிருக்காரு."

மூன்றாம் தடவை வந்தபோது முப்பத்தாறு அடி பெட்ரோல் வண்டி ஒன்றை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். ஆஷ்லாந்து ஊரைத் தாண்டினால் சிஸ்கியூ மலை ஏற்றம். யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன். சமவெளியில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். வெண்டல் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினார். லொரீன் வலப்பக்க இருக்கையில் இருந்தார். நான் பின்னால் சோபாவில்.

பெட்ரோல் வண்டியில் எஞ்சின் முன்னால், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். ஏற்றம் தொடங்கியதும் கியர் தானாக இறங்கியது. எஞ்சின் அலற ஆரம்பித்தது. லொரீன் தூரத்துப் பாறைச் சிகரம் ஒன்றைக் கை நீட்டிக் காட்டினார்.

"பைலட் ராக் மேல இன்னும் பனி இருக்கு பாரு."

"என்ன?"

"பைலட் ராக்."

"பிரேக்கா? பிரேக் நல்லாத்தான் இருக்கு."

"ஒண்ணுமில்ல."

சற்று நேரம் கழித்து இன்னொன்று சொன்னார். அதுவும் "ஒண்ணுமில்ல" என்றுதான் முடிந்தது. பிறகு இன்னொன்று. அந்தச் சொல்லில் கோபம் துளியும் இல்லை. பல வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல் என்று பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. அதற்கப்புறம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திடலுக்குத் திரும்பியதும் வெண்டலுக்கு முகமெல்லாம் திருப்தி. "நல்லா ஏறுது. இதையே எடுத்துக்கலாம்."

"கோரா," என்று லொரீன் முதல் தடவையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "அங்க நிக்கற டீசல் வண்டியையும் ஒரு தடவை பாக்கலாமா? நான் ஓட்டறேன்."

"எதுக்கு?" என்றார் வெண்டல்.

"சும்மாதான். பஸ்ஸை விட்டு மூணு வருஷமாச்சு. கை அரிக்குது."

"ஓட்டிக்கோ. வாங்கப் போறதில்ல, சொல்லிட்டேன்."

டீசல் வண்டியில் எஞ்சின் கடைசியில், படுக்கைக்கும் பின்னால் இருக்கும். அதே ஏற்றத்தில் லொரீன் ஓட்டினார்; வெண்டல் இப்போது வலப்பக்க இருக்கையில். எங்கோ தொலைவில் ஒரு முனகல் மட்டும் கேட்டது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், தனக்குத்தானே சொல்வதுபோல, "அந்தப் பனி இன்னும் உருகல" என்றார்.

"நிழல் பக்கம் மட்டும்தான் இருக்கு" என்றார் வெண்டல்.

லொரீன் திரும்பவில்லை. அரை மைல் போயிருப்போம். இன்னும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நேத்து செஞ்ச கொத்துக்கறி மீட்லோஃப் நல்லாவே இல்லைதானே?"

"உப்பு போட மறந்துட்ட. சொன்னா வருத்தப்படுவன்னு விட்டுட்டேன்."

லொரீன் சிரிக்கத் தொடங்கினார்.

"இதுல என்ன சிரிப்பு?"

"நான் கத்தவே இல்ல, வெண்டல்."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கை தானாக இடது காதுக்குப் போனது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. லொரீன் ஓட்டினால்தான் அவருடைய நல்ல காது லொரீன் பக்கம் இருக்கும். கை அரிக்கிறது என்று சொன்னது முழுப் பொய் இல்லை என்றாலும், முழு உண்மையும் இல்லை.

வழக்கமாக உச்சியில் திருப்பிவிடச் சொல்வேன். அன்று சொல்ல வாய் வரவில்லை. லொரீன் பேசிக்கொண்டே இருந்தார். பேருந்தில் தினமும் ஏறும்போது அவருக்கு ஒரு திராட்சைப் பழம் கொடுத்த சிறுமியைப் பற்றி. கூரை ஒழுகியதை வெண்டலிடம் சொல்லாமல் ஆள் வைத்துச் சரிசெய்ததைப் பற்றி. "அது எனக்குத் தெரியுமே, புதுத் தகரம் பளபளன்னு இருந்துச்சு" என்றார் வெண்டல். அப்படியே கலிபோர்னியாவுக்குள் இறங்கி, கிளமத் ஆற்றங்கரையில் நிறுத்தியபோது மணி பன்னிரண்டு.

எஞ்சினை அணைத்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. வெண்டல்தான் பேசினார்.

"எனக்கு டீசல் பிடிக்காம இல்ல. இந்த இதயத்தை வச்சுக்கிட்டு ரோட்டுக்கு வர்றோம். வயோமிங்ல எங்கயாவது நான் போய்ட்டேன்னா நீ ஒத்தையா வண்டியோட நிப்ப. பெட்ரோல் வண்டின்னா எந்த ஊர் மெக்கானிக்கும் உன்னை வீட்டுக்கு அனுப்பி வச்சிருவான்."

"நோட்டுல அதையும் எழுதியிருக்கியா?"

"அதை எழுதல."

லொரீன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து அவர் முழங்காலில் வைத்தார். "நான் பஸ் ஓட்டின டிப்போல டீசல் பாக்கறவங்க பன்னெண்டு பேர் இருக்காங்க. ஒரு போன் போட்டா யாராச்சும் வருவாங்க. அது கிடக்கட்டும். நீ இல்லாத நாளுக்கு நான் வண்டி வாங்க வரல, வெண்டல். நீ பக்கத்துல உக்காந்திருக்கற நாளுக்குத்தான் வந்தேன்."

நான் இறங்கி ஆற்றைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த டீசல் வண்டி அவர்கள் வசதிக்கு மீறியது. பன்னிரண்டு வருடம் ஓடிய வேறொரு டீசல் வண்டியை எடுத்தார்கள். முப்பத்துநான்கு அடி, காப்பிக் கறை நிறத்தில் திரைச்சீலை. வெண்டல் வெளி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து இரண்டு நாள் அதைக் குடைந்தெடுத்தார். ஜூனில் கிளம்பினார்கள்.

ஆகஸ்டில் நெவாடாவின் வின்னமக்காவிலிருந்து லொரீன் போன் செய்தார். ரேடியேட்டர் குழாய் வெடித்து வண்டி நின்றுவிட்டதாம். டீசல் ஆள் வேறு ஊரிலிருந்து வர வேண்டும். மூன்று நாளாகக் காத்திருக்கிறார்களாம்.

"வெண்டல் சொன்னது அப்படியே நடந்துடுச்சு" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அதுக்குக் கூப்பிடல கோரா. அவருக்கு ஒரே சந்தோஷம். நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்லன்னு காலையிலேர்ந்து பத்துத் தடவை சொல்லியாச்சு. எனக்கு யார்கிட்டயாவது புலம்பணும்."

பின்னாலிருந்து வெண்டலின் குரல் கேட்டது: "யாரு, கோராவா? பெட்ரோல் வண்டி நிறைய வச்சிருக்காளான்னு கேளு."

போன இலையுதிர்காலத்தில் அவர்கள் திடலுக்கு வந்தார்கள், வைப்பர் மாற்ற. வருடத்துக்கு ஐயாயிரம் மைல் என்று கணக்குப் போட்டவர்கள் இரண்டரை வருடத்தில் நாற்பதாயிரம் ஓட்டியிருந்தார்கள். வெண்டலின் இடது காதும் மங்கிவருகிறது. டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. இன்னும் ஒரு வருடமோ இரண்டோ கேட்கும் என்றாராம். லொரீன்தான் என்னிடம் இதைச் சொன்னார். வெண்டல் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் யார் ஓட்டறீங்க?" என்று கேட்டேன்.

"நான்தான். அவரு ஓட்டறேன்னு கேக்கறதே இல்ல."

மகளைப் பார்க்க அன்றே டெக்ஸஸ் கிளம்பினார்கள். நேர்வழியில் போனால் நான்கு நாள். லொரீன் வரைபடத்தில் காட்டிய வழி அதைவிட அறுநூறு மைல் சுற்று.