பென் டிரைவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

எங்கள் சம்பந்தி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் பிரிவில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு நாள்கூட விமானம் ஓட்டியதில்லை. ஆனாலும் என் மகள் கல்யாண விருந்தில், நூறு பேர் காது கேட்க, "எங்க பக்கம் வானத்தோட பழகினவங்க. உங்க பக்கம் மூணு தலைமுறையா தரைதான்" என்றார். சாப்பிடும் இடத்தில் சம்பந்திக்குப் பதில் சொல்வது எங்கள் குடும்பத்துக்கு அழகல்ல. விமானம் ஓட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

நிஜ விமானத்துக்கு என் வயது இடம் தராது. கணினியில் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டரில் நிஜத்தில் உள்ள அத்தனை பொத்தான்களும் உண்டாம். அதற்குத் தகுந்த லேப்டாப் வாங்கப் போனேன். சாட்சிக்குச் சம்பந்தியைக் கூட்டிப்போனேன். வேண்டாம் என்று சொல்வதற்காக என் மனைவியும் வந்தாள்.

விற்பனைப் பெண் முதலில் காட்டியது கேமிங் லேப்டாப். மூடியில் வாய் பிளந்த டிராகன். விசைகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஓடிப்பிடித்து விளையாடின.

"ஏம்மா, இது லேப்டாப்பா, ராட்டினமா?"

"சிமுலேட்டருக்கு இதுதான் சார் சரி. தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கு. ராம் முப்பத்திரண்டு ஜிபி."

"நாலு பேர் வந்து போற வீடும்மா எங்களது."

பக்கத்து மேசையில் ஒரு கறுப்பு லேப்டாப் அடக்கமாக இருந்தது. அதில் போட்டுக் காட்டச் சொன்னேன். அது தாங்காது என்றாள். நான் சொன்னால் சொன்னதுதான்.

விமானம் கிளம்பியது. திரையில் 'பயணிகள் 212' என்று வந்தது. எழுந்து நின்று திரையில் இருந்த பயணிகளிடம் சொன்னேன்: "எங்க குடும்பத்துல ஒத்துக்கிட்ட வேலைய யாரும் பாதியில விட்டதில்ல. உங்களைப் பத்திரமா கொண்டு சேர்க்கறது என் பொறுப்பு."

"அவங்களுக்குக் கேக்குமா, சம்பந்தி?"

"கேக்காட்டியும் வாக்கு வாக்குதான்."

முக்கால் மணி நேரத்தில் ஒரு நகரத்தின் மேல் வந்தோம். கட்டடங்களைக் கண்டதும் லேப்டாப் திணறியது. ஒரு படம் வரும், நிற்கும். அடுத்த படம் வருவதற்குள் நூறு அடி இறங்கியிருப்போம். ஃபேன் மாவு மில் போல இரைந்தது.

"ஆஃப் பண்ணிடுங்க சார். வெறும் டெமோதானே."

"உள்ள இருக்கறவங்க?"

"யாரும் இல்ல சார்."

"இருநூத்திப் பன்னிரண்டுன்னு போட்டிருக்கே!"

சம்பந்தி மீசைக்குள் சிரித்தார். "பாதியில விட்டதில்லைன்னீங்க?"

"பிள்ளைகுட்டிக்காரங்களை அந்தரத்துல விட்டுட்டு என்னங்க வீம்பு?" என்றாள் மனைவி.

"நிறுத்தி வச்சு, சேவ் பண்ணி, பென் டிரைவ்ல அந்த லேப்டாப்புக்கு மாத்தலாம் சார்," என்றாள் விற்பனைப் பெண்.

தலைகுனிவுதான். ஆனால் வாக்கு பெரிதா, மூடியில் இருக்கும் படம் பெரிதா?

"மாத்துங்க."

அவள் பென் டிரைவைப் பிடுங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் நானே வாங்கிக்கொண்டேன். கேமிங் லேப்டாப் இருந்த மேசைக்கு எட்டடி. "வழி விடுங்க! சாய்க்காம வாங்க சம்பந்தி, குலுங்கக்கூடாது," என்று சம்பந்தி முன்னால் நடந்தார். மிக்சி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி, விஷயம் தெரியாமலே எழுந்து நின்றார்கள்.

கேமிங் லேப்டாப்பில் மேகம் மேகமாகவே நகர்ந்தது. முதலில் கண்ணில் பட்ட ஓடுபாதையைப் பிடித்தேன்.

"சக்கரம்! சக்கரத்த இறக்குங்க!" என்று சம்பந்தி என் தோளைப் பிடித்தார்.

இறக்கினேன். இரண்டு முறை துள்ளி நின்றது. மிக்சி தம்பதி கைதட்டினார்கள்.

சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையைப் படித்தார். "இது வேற ஊரு, சம்பந்தி."

"யாருக்காவது அடியா?"

"இல்ல. ஆனா பெட்டியெல்லாம் அந்த ஊருக்குன்னு சீட்டு ஒட்டி ஏத்தினதாச்சே." அவர் முகம் நிஜமாகவே வாடியது. "இப்படியே விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

கொண்டு சேர்ப்பதாகத்தான் வாக்கு. அந்த டிராகன் லேப்டாப்பையே வாங்கினேன். பெட்டியில் போட மூடவேண்டும் என்றாள் அந்தப் பெண். மூட விடவில்லை. விளக்குகள் எரிய எரிய, நான் ஒரு பக்கமும் சம்பந்தி மறுபக்கமும் பிடித்துத் தெரு வழியே தூக்கி வந்தோம். தெருவே பார்த்தது.

டாக்ஸியில் முன்னால் ஏறிய மனைவி டிரைவரிடம் சொன்னாள்: "மெதுவா ஓட்டுங்க தம்பி. உள்ள ஆளுங்க இருக்காங்க."