வீட்டில் எத்தனை பேர்

காகிதத்தோடு வருகிறவனிடம் உண்மை பேசக் கூடாது என்பதை ஏனோக்குக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் கணக்கெடுக்க வந்தார்கள். வீட்டில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று வாய் நிறையச் சொன்ன குடும்பங்களுக்குத்தான் முதலில் காலி செய்யும் நோட்டீஸ் வந்தது. அதற்கப்புறம் அந்த ஜனங்கள் யார் கேட்டாலும் பாதிப் பேரை மறைத்தே சொன்னார்கள்.

பேத்தமங்களாவுக்கு அந்தப் பக்கம் நாகலப்பள்ளியில் நாற்பது குடும்பங்கள் மனை வாங்கிக் குடியேறிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. போன சித்திரையில் கணக்கெடுக்க டீச்சர் ஷில்பா வந்தாள். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த ஏனோக் தூசி அடைத்த நெஞ்சோடு அவளுக்கு முன்னால் வீடுவீடாகப் போய், "கம்மியா சொல்லுங்க" என்று எச்சரித்தார். தன் வீட்டு வாசலில் அவள் கேட்டபோது, "நான் ஒருத்தன்தான்" என்றார். பேரப்பிள்ளைகள் மூன்று பேரும் பள்ளிக்கூடத்தில். மருமகள் வினோலியா பஞ்சாயத்து ஆபீசில். மகன் செத்த பிறகு அவள் அங்கே அட்டெண்டராக இருப்பதால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சுற்றிலும் பதினோரு குக்கிராமங்களுக்கு அந்த ஆபீஸ்தான். அதனால்தான் நாகலப்பள்ளிக்கு ஒரு பஸ்சும் இரண்டு டீக்கடையும். ஆவணியில் உத்தரவு வந்தது: ஊரில் ஜனம் போதாது, ஆபீசை அடுத்த பஞ்சாயத்தோடு சேர்க்கிறோம்.

ஏனோக் நேரே செக்ரட்டரி வாசுவிடம் போனார்.

"எத்தினி பேர் கொறையுது?"

"நூத்திப் பத்து, மேஸ்திரி."

"எங்க தெருவுலயே அதுக்கு மேல இருக்குது. எழுதிக்கோ."

"டீச்சர் வந்தப்ப எங்க போனாங்க எல்லாரும்? சொரங்கத்து கேஜ்ல ஏறி ஷாஃப்டுக்குள்ள எறங்கிட்டாங்களா?"

"நான்தான் சொல்ல வேணாம்னேன்."

வாசு பேனாவைக் கீழே வைத்தான். "ஏன்?"

"நீங்க இன்னாத்துக்கு எழுதறீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? உங்காளுங்க எழுதி நான் நல்லது பாத்ததில்ல."

"இனிமே எழுதி பிரயோஜனமில்ல, மேஸ்திரி. பெங்களூர்லயே முடிச்சிட்டாங்க."

"வினோலியா வேலை?"

"அந்த ஆபீஸ்ல ஏற்கெனவே ஒரு ஆள் இருக்குது. ரெண்டு பேர வெக்க மாட்டாங்க."

வினோலியா டீ டம்ளர்களோடு கதவருகே நின்றிருந்தாள். டம்ளர்களை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எங்கள இல்லன்னு சொன்னீங்களா மாமா?"

"வீடு போயிடும்னு பயந்தேன்."

"இது கம்பெனி குவார்ட்டர்ஸ் இல்ல. பத்திரம் என் பேர்ல இருக்குது. யார் புடுங்குவா?"

தெரு முழுக்க இப்போது ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசுவைத் தேடிக்கொண்டிருந்தது. யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுவாரம் ஆபீஸ் பீரோவும் மேஜையும் லாரியில் போயின. அதற்கடுத்த திங்கட்கிழமை வினோலியாவுக்கு பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலை. பிள்ளைகளைப் பங்காருப்பேட்டையில் அம்மா வீட்டில் விடப்போகிறாள்.

"புள்ளைங்கள இங்கயே வுட்டுட்டுப் போம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் சின்னவனின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள நம்பியா மாமா?" குரலில் கோபம்கூட இல்லை.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்க டிரைவர் உள்ளே வந்தான். ஏனோக் வழிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.