காக்காய்க்குப் போட்ட பந்தல்

வளைகாப்பில் சம்பந்தியம்மா அம்பிகா அந்த வார்த்தையை எல்லார் முன்னாலும் சொன்னபோது ஜெயம்மாவின் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணி. உங்க வீடு அடுப்பாட்டம் இருக்குது, ஏ.சி.யும் கெடையாது. வயித்துப் புள்ளக்காரி வெந்துபூடுவா. இங்கயே பெத்துக்கட்டும்."

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான். ஜெயம்மாவின் ஊரான கோட்டைக்குப்பத்தில் எந்த அம்மாவும் இதை விட்டுக்கொடுத்ததில்லை. மகள் வைஷ்ணவி வளையல் அடுக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். ஜெயம்மாவுக்கு வாய் முந்திக்கொண்டது. "ஒரு மத்தியானம் வந்து ஒக்காந்து பாருங்க அண்ணி. ஒங்களால முடியலன்னா நான் பொண்ணக் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி ஊரான எளாவூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

சம்பந்தி சொன்னதில் பொய்யில்லை. காங்கிரீட் வீடு. சித்திரை வெயிலை நாளெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, ஆட்கள் பாயை விரித்ததும் திருப்பிக் கொடுக்கும். "ஒரு ஏ.சி. வாங்கிப் போட்டுட்டா போச்சு" என்றான் அவள் புருஷன் துளசிங்கம். கடலில் காற்றின் போக்கைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற மனுஷன், வீட்டு விஷயத்தில் மட்டும் எப்போதும் சுலபமான வழியைத்தான் பார்ப்பான். எதிர்வீட்டு ஆல்வின் ஏ.சி. போட்டதிலிருந்தே தெருவில் மற்ற வீட்டு ஃபேன்களெல்லாம் யாரோ கையால் சுற்றிவிடுகிற மாதிரிதான் சுற்றின. இந்த லைன் இன்னொரு ஏ.சி.யைத் தாங்காது என்று லைன்மேன் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நம்ம பொண்ணு குளுகுளுன்னு படுக்கணும்னு தெருப் புள்ளைங்கல்லாம் வேகணுமா? அந்தப் பாவம் நமக்கு வேணாய்யா" என்றாள் ஜெயம்மா.

ஏ.சி. இல்லாமலே வீட்டைக் குளிர வைக்க இறங்கினாள். முதலில் ஃபிரிட்ஜுக்குத்தான் வந்தது வினை. அதன் பின்னால் கையை வைத்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே குளிர்ச்சி, வெளியே அனல், அதுவும் படுக்கிற அறைக்குள்ளேயே. அன்று பிடித்த மீனை அன்றே குழம்பு வைக்கிற வீட்டில் அதற்குள் இருந்தது தண்ணீர் பாட்டிலும் அரை மூடி எலுமிச்சம்பழமும். "இத்தன நாளா காசு குடுத்து அடுப்ப வாங்கி வெச்சிருக்கோம்" என்று சொல்லி நிறுத்திப்போட்டாள். தண்ணீர் பானைக்கு மாறியது. மஞ்சளாக எரிந்து சூட்டைக் கக்கிய குண்டு பல்பையும் கழற்றினாள்.

அடுத்து மாடி. துளசிங்கம் கழித்துப் போட்டிருந்த இறால் வலையை நாலு மடிப்பாக மடித்து, சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போட்டாள். நிழல் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் வலையை அலசிப் போட வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து மீன் வாசத்திலேயே வளர்ந்தவளுக்கு அது ஒரு வாசமாகவே தெரியவில்லை. காக்காய்க்குத் தெரிந்தது. கண்ணியில் காய்ந்து ஒட்டியிருந்த இறால் கூனிக்கும் நண்டுக் காலுக்கும் ஊர்க் காக்காய் மொத்தமும் வந்து இறங்கியது. மிச்சத்துக்குப் பூனைகள் வந்து சண்டை போட்டன. பந்தல் சரிந்து ஒரு பூனை ஜெயம்மாவின் தலையிலேயே விழுந்தது.

"ஜெயம்மாக்கா காக்காய்க்குப் பந்தல் போட்டு விருந்து வெக்குது" என்று ஆல்வின் தெருவில் நின்று சொல்ல, தெருவே சிரித்தது. ஜெயம்மா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு வலையைச் சுருட்டி ஊரையொட்டிய ஏரிக்குக் கொண்டுபோய், கை தோல் உரிய அலசிக்கொண்டு வந்தாள்.

அதைப் பார்த்ததும் துளசிங்கத்துக்கு என்னவோ ஆயிற்று. சொல்லாமலே ஏரிக்கரையிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு கொண்டுவந்தான். வடிகஞ்சி கலந்து இருவருமாக மாடி முழுக்கப் பூசினார்கள். கருவாடு காய்ந்து காய்ந்து கறுத்திருந்த மாடி, கண் கூசுகிற வெள்ளையானது. அலசிய வலையை மேற்குச் சுவருக்குத் திரைபோலக் கட்டினார்கள்.

"காலையில கச்சான் காத்து, கரையிலேர்ந்து அனலா அடிக்கும். அப்ப எல்லாத்தையும் சாத்திடு. மத்தியானம் கடல்லேர்ந்து கொண்டல் எழும்பும். அப்பத் தொற" என்றான்.

"இத்தன வருசம் இத ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே. இது இன்னா, படகா?"

அம்பிகா நல்ல உச்சி வெயிலில் வந்து இறங்கினாள். வேண்டுமென்றேதான். செருப்பைக் கழற்றியவள் தரையில் கால் வைத்ததும் புருவத்தைத் தூக்கினாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பானைத் தண்ணீர் குடித்தாள். ஃபேன் மெதுவாகத்தான் சுற்றியது, இருந்தும் முகத்தில் வியர்வை இல்லை. ஜெயம்மாவுக்கு மூச்சு வந்தது.

அப்போது கரண்டு போனது.

தெரு முழுக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆல்வின் வீட்டில் எல்லாரும் விசிறியும் அட்டையுமாக வாசலுக்கு வந்துவிட்டார்கள். சாத்திய அறைக்குள் காற்று அப்படியே நின்றது. அம்பிகா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் அப்பவே சொன்னேன் அண்ணி" என்று பையை எடுத்தாள்.  ஜெயம்மாவுக்கு வளைகாப்பில் மகள் பார்த்த பார்வைதான் கண்முன் வந்தது.

பின்கட்டில் மூக்கைக் கிழக்கே திருப்பி நின்றிருந்த துளசிங்கம் குரல் கொடுத்தான். "ஜெயா, தொற."

ஓடிப்போய்க் கிழக்கு ஜன்னலையும் எதிரே மேற்கு ஜன்னலையும் திறந்தாள். கொண்டல் உள்ளே வந்தது. காலண்டர் படபடத்தது, அம்பிகாவின் நெற்றி முடி பறந்தது. பையைப் பிடித்த கை தளர்ந்தது.

"செத்த நேரம் சாயறேன் அண்ணி, இடுப்பு வலிக்குது" என்றாள்.

மகளுக்கென்று தைத்து வைத்திருந்த இலவம்பஞ்சுத் தலையணையை ஜெயம்மா எடுத்துக் கொடுத்தாள். அம்பிகா பாயில் தலை வைத்ததுதான் தெரியும்.

போன் அடித்தது. வைஷ்ணவி. குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இன்னாம்மா ஆச்சு? அத்த இன்னா சொல்றாங்க?"

 ஜெயம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, போனைப் பாயருகே கொண்டுபோய் நீட்டினாள்.

"அது இன்னாம்மா சத்தம்? நம்ம படகு இஞ்சினா?"

மேற்கு ஜன்னலுக்கு வெளியே வலை புடைத்துப் புடைத்து ஆடியது. சம்பந்தியம்மா புரண்டு படுத்து, இன்னும் பலமாகக் குறட்டை விட்டாள்.