நாலாவது கேமரா பேசுகிறது

எனக்குத் திக்குவாய். இதை எழுதிச் சொல்ல ஒரு நொடிகூட ஆகாது. வாயால் சொல்லச் சொன்னால், அதற்குள் நீங்கள் ஒரு காபி குடித்து முடித்துவிடலாம்.

கேமரா பிடிக்க வாய் எதற்கு என்று நினைத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கல்யாண வீடியோ எடுத்த காலத்தில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது. மணப்பெண் கேமராவிடம் கேள்வி கேட்பதில்லை. தொலைக்காட்சி நேரலைக்கு வந்த பிறகுதான் மாட்டிக்கொண்டேன். இங்கே எல்லோர் காதிலும் ஹெட்செட். இயக்குநர் ஒளிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு, "மூணு ரெடியா? நாலு, அந்த ராணியைப் பிடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்ட கையோடு பதில் வர வேண்டும். என்னிடமிருந்து வராது. இரண்டு நிறுவனங்கள் அதற்காகவே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டன.

மூன்றாவது இடத்தில் கிடைத்தவர் லேடா விஸ்பால். கொலம்பியாவின் பர்ரான்கீயா நகரில் கார்னிவல் ஊர்வலத்தை நேரலையில் இயக்கும் அளவுக்கு நெஞ்சுரமும் தொண்டையும் உள்ள பெண். என் பிரச்சினையை நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாயால வரலேன்னா கேமராவால சொல்லு. மேலயும் கீழயும் ஆட்டினா ஆமா, பக்கவாட்டுல ஆட்டினா இல்ல. உன் படம் என் கண்ணு முன்னாடி ஓடிட்டுதானே இருக்கு" என்றார். மைக் கெட்டுப்போனால் கேமராக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான் அது. நேரலையில் என் படம் போகாத நேரமாகப் பார்த்து நான் தலையாட்டிக்கொள்வேன்.

இதற்கும் ஒருத்தன் சிரித்தான். தோளில் கேமராவைச் சுமந்து ஆட்டக்காரர்களுக்கு நடுவே நடக்கும் நயீப். "நாலு தலையாட்டுறதப் பாத்தா எங்க மாமா வீட்டுக் கழுதை ஞாபகம் வருது" என்றான். திருப்பிக் கொடுக்க என்னிடம் வாயில்லை. என் கேமரா நிற்கும் கோபுரத்தின் மேலிருந்து அதைத் திருப்பி, அவனுடைய பின்புறத்தைத் திரை நிறைய நெருக்கிக் காட்டினேன். வேனில் எல்லோரும் சிரித்தது என் காது வரை வந்தது.

கார்னிவலின் முதல் நாள், சனிக்கிழமை மதியம், ஊர்வலம் தொடங்கும் முன் தயாரிப்பு மேலாளர் ஃபொந்தால்வோ வேனுக்குள் வந்தார். லேடாவின் மைக் திறந்தே இருந்ததால் அவர் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டது.

"தலையாட்டுறதெல்லாம் சரி லேடா, ஒரு அவசரம்னா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? இன்னைக்கு ஹெட்செட்ல ஒரு வார்த்தையாவது பேசட்டும். இல்லேன்னா நாளைக்கு வேற ஆளப் போட்டுடுறேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது தப்பு என்று சொல்ல முடியவில்லை. கழுத்தை ஆட்டத் தெரிந்தவளுக்குக் கத்தத் தெரியவில்லையே.

ஊர்வலம் வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் சோளமாவை வீசி, நுரையைப் பீய்ச்சி, தெருவே வெள்ளையாகிவிட்டது. இடுப்பில் மாட்டும் எங்கள் ஹெட்செட் பெட்டிகளையெல்லாம் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றியிருந்தோம். புது ஹெட்செட்டுகள் அவை. பழைய வாக்கி-டாக்கியில் பட்டனை அழுத்தித்தான் பேச வேண்டும், ஒருவர் பேசினால் அடுத்தவருக்கு வழி அடைத்துவிடும். இதில் பட்டனே கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசலாம், பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஒருத்தன் விளம்பரத்துக்கு எவ்வளவு நேரம் என்கிறான், இன்னொருத்தன் முட்டை அரேப்பா ரொட்டி எங்கே நல்லா இருக்கும் என்கிறான்.

நயீப் கும்பியா ஆட்டக்காரிகளைப் படம் பிடித்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தான். அப்படி நடப்பவர்களுக்குப் பின்னால் பெல்ட்டைப் பிடித்து வழிகாட்ட ஒரு ஆள் எப்போதும் இருப்பான். அன்று அந்த ஆளின் கண்ணில் யாரோ நுரையைப் பீய்ச்சிவிட, அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு வேலியோரம் போய்விட்டான். நயீப்புக்கு அது தெரியாது. அவன் முதுகுக்குப் பின்னால் முதலை வடிவ அலங்கார ஊர்தி ஒன்று போய்க்கொண்டிருந்தது. முன்னால் போன வண்டி திடீரென்று நின்றதால், அதில் இடிக்காமலிருக்க அந்த முதலை பின்வாங்கத் தொடங்கியது. பூக்களுக்குள் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குப் பின்னால் என்ன தெரியும்? மேளச் சத்தத்தில் யார் கத்தினாலும் யாருக்குக் கேட்கும்?

மேலே கோபுரத்திலிருந்து நான் மட்டும் பார்த்தேன். கேமராவை மேலும் கீழும் ஆட்டினேன். வேனில் யாரும் என் திரையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் 'ஆமா' என்றுதான் புரிந்துகொண்டிருப்பார்கள்.

"ந்... ந்... ந்..."

அவ்வளவுதான் வந்தது. அத்தனை பேச்சுக்கு நடுவே அந்த அரை எழுத்து லேடாவின் காதில் விழுந்துவிட்டது. பழைய கருவியாக இருந்தால் விழுந்திருக்காது.

"எல்லாரும் வாய மூடுங்க! நாலு, சொல்லு."

மூடினார்கள். அரேப்பாக்காரன், விளம்பரக்காரன், எல்லோரும். கீழே ஊரே அதிர்ந்துகொண்டிருக்க, என் காதுக்குள் மட்டும் சத்தமே இல்லை. இப்படி ஒரு அமைதியை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. கடைக்காரரிடம் முதல் எழுத்தைச் சொன்னாலே போதும், மிச்சத்தை அவரே சொல்லி, எனக்கு வேண்டாத சாமானைப் பொட்டலம் கட்டிவிடுவார். இங்கே ஒருவரும் என் வார்த்தையைப் பிடுங்கவில்லை. அடுத்த கேமராவுக்கு மாற லேடா 'கட்' சொல்லவில்லை. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் அப்போது இரண்டாவது கேமராவின் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் புத்திஃபார்ரா இறைச்சி உருண்டை விற்கும் வியாபாரி ஒருவர், மீசையில் சோளமாவுடன், கேமரா தன்னை விட்டு நகரவில்லை என்று கண்டு முத்தங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"ந்... நயீப்!"

நயீப் நின்றான். என் குரலை அவன் அதுவரை கேட்டதே இல்லை. அந்த ஆச்சரியத்திலேயே கால் நின்றுவிட்டது.

"பி... பின்னாடி வ... வண்டி. வே... வேலிக்குப் போ!"

திரும்பிக்கூடப் பார்க்காமல் பாய்ந்தான். அவன் நின்றிருந்த இடத்தை முதலையின் வால் மெதுவாக, அலட்சியமாகக் கடந்தது. ஆட்டக்காரிகள் பாவாடையை அள்ளிக்கொண்டு சிதறினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள் பக்கப் பலகையைத் தட்டவும் ஊர்தி நின்றது.

காதில் நயீப்பின் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "தாயே..." என்றான். "நீ என் பின்பக்கத்த ஏன் அப்பப்பப் பாக்குறேன்னு இப்பதான்டி புரியுது."

லேடா சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. "மூணு, கட்" என்றார். வியாபாரி ஒருவழியாகத் திரையை விட்டுப் போனார்.

மாலை ஊர்வலம் முடிந்து கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோபுரத்தின் கீழே நயீப் எனக்காக ஐஸ் கோலாவை வைத்துக்கொண்டு நின்றான். அப்போது ஹெட்செட்டில் ஃபொந்தால்வோவின் குரல் வந்தது.

"நாலு... மன்னிக்கணும், உங்க பேர் என்னம்மா? நாளைக்கு ஊர்வலத்துக்கு டியூட்டி லிஸ்ட்ல முழுப் பேரா போடணும்."

எனக்கு உலகத்திலேயே கஷ்டமான வார்த்தை என் பெயர்தான். வேறு எந்த வார்த்தை சிக்கினாலும் அதற்குப் பதிலாக இன்னொன்றைத் தேடிக்கொள்ளலாம். பெயருக்கு மாற்று கிடையாது.

"யு..." என்று ஆரம்பித்தேன். நின்றுவிட்டது. மறுபடி "யு..."

இணைப்பில் எல்லோரும் இருந்தார்கள். அவரைத் தவிர எல்லோருக்கும் என் பெயர் தெரியும். லேடாவுக்குத் தெரியும். கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நயீப்புக்குத் தெரியும், அவன் வாயில் எதுவும் நிற்காது, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒருவரும் எனக்காக அதைச் சொல்லவில்லை. ஃபொந்தால்வோவும் அவசரப்படுத்தவில்லை. அந்த ஒவ்வொருவருக்கும் இன்றுவரை மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"யுரானிஸ்" என்றேன். "யுரானிஸ் பெர்த்துஸ்."