ஏழு மணி நேரத் தூக்கம்

ஆராய்ச்சிக்கு ஆள் தேவை என்ற துண்டறிக்கையை மருத்துவக் கல்லூரி வாசலில் வாங்கி வந்தவள் அக்காதான். ஒரே சமையலைச் சாப்பிடும் இருவர் சேரலாம், இருவருக்கும் தூக்கக் குறைவு இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. தம்பிக்குத் தூக்கம் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பக்கத்து அறையில் அவன் புரளுவதைக் கேட்டுக் கேட்டே அக்காவுக்கும் போயிற்று. அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். இருவருக்கும் தகுதி இருந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். தூக்கம் ஏன் வரவில்லை என்று கேட்டால் கையை விரிப்பான். வாய் ஓயாமல் பேசுகிறவன் பேச்சைக் குறைத்தான். தட்டில் போட்டது தட்டிலேயே காய்ந்தது. வேலையில் இரண்டு தடவை ஸ்பேனர் கை நழுவிக் கீழே விழுந்ததும், சூப்பர்வைசர் அவனை மேலே ஏற விடாமல் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிட்டார். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. "அரிசிக் கடையில எலிக்குக் காவல் வச்ச மாதிரி என்னை வச்சிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது.

ஆய்வை நடத்திய டாக்டரம்மா அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தீனியாகிற ஒரு நார்ச்சத்து மாவைப் பன்னிரண்டு வாரம் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். அவை செழித்தால் தூக்கம் கூடுமா, மனது லேசாகுமா என்று பார்க்கிறார்கள். சிலருக்கு அந்த மாவு கிடைக்கும், சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று அவருக்கே தெரியாது.

"எனக்கே சோறு இறங்கல டாக்டர். உள்ள இருக்கற இத்தனை கோடி வாடகைக்காரங்களுக்கும் நான் சமைச்சுப் போடணுமா?" என்றான் தம்பி. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அக்காவுக்கு அன்றைக்கே பாதி நோய் தீர்ந்த மாதிரி இருந்தது.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். நான்கு பக்க ஒப்புதல் படிவத்தைக் கொடுத்ததும் பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்து ஆறு பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆளுக்கொரு பெட்டி நிறையப் பொட்டலங்கள் கொடுத்தார்கள். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு பட்டை. தூங்குவதையும் விழிப்பதையும் அது தனக்குள் பதிந்துகொள்ளும், கட்டியிருப்பவருக்கு எதையும் காட்டாது. எழுந்ததும் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று எழுத ஆளுக்கொரு நோட்டு. மல மாதிரிக்கான டப்பாவை ஃப்ரீசரில் வைக்கச் சொன்னபோது மட்டும் தம்பி முரண்டு பிடித்தான். "ஐஸ்கிரீம்னு நெனச்சு எடுத்துடாதக்கா" என்று ஒரு வாரம் அதையே சொல்லிக் கொண்டிருந்தான்.

மூன்றாவது வாரம் அக்காவுக்கு வயிறு பொருமியது. வாயு. அச்சகத்தில் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. நார்ச்சத்து உள்ளே போனால் முதலில் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. தம்பிக்கு ஒன்றுமே இல்லை. அப்படியானால் அசல் தனக்கு வந்திருக்கிறது, செத்த முகத்தோடு திரிகிறவனுக்கு வெறும் மாவு வந்திருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்துப் பொட்டலங்களை இடம் மாற்றினாள். அவனிடம் மூச்சு விடவில்லை.

அதன் பிறகு தினமும் அவன் நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டினாள். மூன்று மணி நேரம், இரண்டரை என்று இருந்தது. ஒரு நாள் அவள் நோட்டும் கையுமாக நின்றபோது அவன் குளித்துவிட்டு வந்துவிட்டான். அவள் கையைப் பார்த்தான். தலையைத் துவட்டிக்கொண்டே போனான். மறுநாள் ஐந்து மணி நேரம் என்று இருந்தது. அடுத்த வாரம் ஆறு. அதற்கப்புறம் ஏழு, ஏழு, ஏழு. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனுக்குத் தெரியாமல் சூப்பர்வைசருக்கு போன் செய்து, பையன் இப்போது நன்றாகத் தூங்குகிறான், பழைய வேலையைக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். கொடுத்தார்கள்.

ஒன்பதாவது வாரம், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில், பட்டப்பகலில், தம்பி கால் தவறி லிஃப்ட் குழிக்குள் விழுந்தான். பெல்ட் இடுப்பில் இருந்தது; கொக்கியை மாட்ட மறந்திருந்தான். பதினோரு வருட வேலையில் ஒரு நாளும் மறக்காதவன்.

காரியம் முடிந்த பிறகு அவனுடைய பட்டையையும் நோட்டையும் ஆய்விலிருந்து ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். பன்னிரண்டாவது வாரக் கடைசிச் சந்திப்புக்கு அக்கா தனியாகப் போனாள். வர வேண்டாம் என்றுதான் டாக்டரம்மா போனில் சொன்னார். அவளுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

பெட்டி மாற்றியதைச் சொன்னாள். தன் வயிறு பொருமியதை வைத்துப் போட்ட கணக்கே தப்பாக இருக்கலாம் என்றாள். அவனுக்கு வந்த நல்லதைப் பிடுங்கிக்கொண்டு வெறும் மாவைக் கொடுத்துவிட்டேனோ, அதில்தான் போய்விட்டானோ என்று கேட்டாள். மூன்று வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் அவை.

டாக்டரம்மா எழுந்து போய் ஒரு கோப்பைக் கொண்டு வந்தார். அவள் கையெழுத்திட்ட படிவம். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி வைத்தார். ஒரே வீட்டைச் சேர்ந்த இருவருக்கும் ஒரே வகை மாவே வழங்கப்படும் என்று அச்சாகியிருந்தது. அந்த வரியில் விட்டுப்போன ஓர் எழுத்தை அவளே சிவப்பு மையில் செருகியிருந்தாள்.

"வீட்டுக்குள்ள மாத்திக்குவாங்கன்னு எங்களுக்குத் தெரியும்மா. அதான் இப்படி. உங்க ரெண்டு பெட்டியிலயும் ஒரே மாவுதான். அது எந்த மாவுன்னு இன்னும் எனக்கே தெரியாது. நீங்க அவருக்கு ஒரு கெடுதலும் பண்ணல" என்றார்.

அக்கா அந்த வரியை மறுபடி படித்தாள். இந்த முறை எழுத்தை அல்ல, பொருளை. நெஞ்சில் இருந்த பாறை நகரப் போகிற நேரத்தில் வேறொன்று உறைத்தது.

"ஒரே மாவுன்னா, நான் மாத்தினதுக்கப்புறம் அவன் எப்படிம்மா நல்லாத் தூங்கினான்?"

டாக்டரம்மா பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.

"பட்டையில பதிஞ்சதை எனக்குக் காட்டுங்க."

இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அக்கா நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் கணினித் திரை அவள் பக்கம் திரும்பியது. தூக்கம் நீலக் கோடு, விழிப்பு சிவப்பு. அவன் ஐந்து என்று எழுதிய நாளில் இரண்டு மணி நேர நீலம். ஏழு என்று எழுதிய நாட்களில் ஒன்றரை, இரண்டு, மறுபடி ஒன்றரை. கடைசி நாளில் நாற்பது நிமிடம்.

பக்கத்தில் நோட்டு திறந்து கிடந்தது. ஏழு, ஏழு என்று கோடு பிடித்த மாதிரி எழுதியிருந்தான். ஸ்பேனரே கையில் நிற்காதவன் அரைத் தூக்கத்தில் எழுதுகிற எழுத்தா அது? உட்கார்ந்து, யோசித்து, ஒருத்தி படிப்பதற்காக எழுதியது. ஊரார் பிழையெல்லாம் பிடிக்கிறவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

"அவர் மறைச்சதுக்கு நீங்க எப்படிம்மா பொறுப்பு?" என்றார் டாக்டரம்மா.

"யாருக்காக மறைச்சான்?"

டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பினார். பட்டை சொன்னதைத்தான் ஆய்வில் எடுத்துக்கொள்வோம் என்றார். அப்படியே செய்யுங்கள் என்றாள். நோட்டைக் கேட்டாள். மூலத்தைக் கொடுக்க விதி இல்லை; அவரே எழுந்து போய் நகல் எடுத்து வந்தார். தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. அவள் அவற்றை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

மேசையில் கடைசிச் சந்திப்புக்கான கேள்வித்தாள் இருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று டாக்டரம்மா அதை ஒதுக்கப் போனார். கேளுங்கள் என்றாள் அக்கா.

"போன ஏழு நாள்ல தூக்கம் எப்படி இருந்துச்சு?"

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்ன 'பரவாயில்ல' நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினாள்.

"தூங்கல. ஒரு நாளும் தூங்கல."

டாக்டரம்மா எழுதினார். அடுத்த கேள்வியைப் படிக்கும்போது அவர் குரல் தணிந்தது. "வாழறதே பாரமாத் தோணுச்சா?"

"ஆமா" என்றாள் அக்கா.

டாக்டரம்மா பேனாவை மூடினார். வெளியே காத்திருந்தவர்களிடம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபார்ம் இருக்கட்டும். சொல்லுங்கம்மா."

எங்கே தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் தாள்களின் ஓரத்தைச் சரி செய்தாள். பிறகு, பக்கத்து அறையில் அவன் புரளும்போது கட்டில் போடுகிற சத்தத்திலிருந்து ஆரம்பித்தாள்.